அட்வான்ஸ் இல்லாத போர்ஷன்

ஒழுகும் மாடிப் போர்ஷனைச் சரிசெய்ய அட்வான்ஸ் வாங்கிய கான்ட்ராக்டர் நாச்சிமுத்து, கஞ்சி போட்ட வேட்டி கசங்காமல், "நாளைக்கு வந்தர்றனுங்க்கா" என்றே இரண்டு மழைக்காலத்தைக் கடத்திவிட்டார்.

வீட்டுக்கார ஞானாம்பாள் சண்டை போடவில்லை. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த ராஜவேலைத் தேடிப்பிடித்து, அவனையும் புதுப்பெண்டாட்டியையும் அதே போர்ஷனில் குடிவைத்தாள்.

"அட்வான்ஸ் வேண்டாங்களா?" அவனால் நம்ப முடியவில்லை.

"அதெல்லாம் ஏற்கெனவே குடுத்தாச்சு கண்ணு."

முதல் மழையிலேயே கட்டில் நனைந்தது. ராஜவேல் செல்போனில் யாரையோ காய்ச்சி எடுத்தான்.

மறுநாள் விடிந்ததும், சிமெண்டு மூட்டையைத் தானே சுமந்துகொண்டு படியேறினார் நாச்சிமுத்து. வேட்டியெல்லாம் சாம்பல் நிறம்.

"என்ன அவசரமுங்க? நாளைக்கு வந்தாப் போதாதுங்களா?" ஞானாம்பாள் வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

"மெதுவாப் பேசுங்க்கா," என்று கெஞ்சினார் நாச்சிமுத்து. "மேல எங்க மாப்பிள்ளை தூங்கறாருங்க."