முடிவைச் சொல்பவன்

நாங்கள் கைப்பேசியில் பார்க்கும் தொடரில் மறுநாள் நடக்கப்போவதை ஒருவன் முதல் நாளே கமெண்டில் போட்டு உடைத்துவிடுவான். மூன்று முறை பிளாக் செய்தும் வந்துவிட்டான். நேற்று எழுதியிருந்தான்: “மச்சான் கீழே எட்டிப் பார்ப்பான். கயிறு அறும்.”

தொடரில் கயிறே கிடையாது. ஆனாலும் நாற்பது பேர், “அந்த இடத்துல அழுதுட்டேன்” என்று பதில் போட்டிருந்தார்கள்.

என் மச்சான் ஐந்தாம் மாடி உயரத்தில் பலகையில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தான். கயிறு என் கையில். கீழே நிற்பவன் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலை முறை. கூப்பிட்டால் எட்டிப் பார்ப்பானே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றை மெல்ல இறக்கினேன். நான்காம் மாடி வந்தது.

“ஏன்டா மாப்ள இறக்குற? செத்துட்டியா, சத்தத்தையே காணோம்!”

வாளியை ஒதுக்கிவிட்டு, சிரித்தபடி எட்டிப் பார்த்தான்.