வேரில்லாப் பாசி

“கருவாட்டுக் கொழம்பு அம்புட்டையும் மாமனுக்கே ஊத்திராத ஆத்தா, குளிச்சிட்டு வாரேன்” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காளை போனதுதான் கடைசி. இப்போது மகனை விழுங்கிய கிணற்றுத் தண்ணீரை, தீட்டுக் கழிய, ஆயில் என்ஜின் வைத்து இறைத்துக் கொட்டுகிறார்கள். மேட்டில் காளையின் ஆத்தா மாயக்காள் குந்தியிருக்கிறாள். அழுது ஓய்ந்த உடம்பு என்ஜின் சத்தத்தோடு சேர்ந்து அதிர்கிறது. “முந்தின ராத்திரி ஆத்தாக்காரி வஞ்சாளாம்ல, அதான் குதிச்சிட்டான்” என்று முதுகுக்குப் பின்னால் யாரோ பேசுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை அரிப்பதும் அதே சந்தேகம்தான். தண்ணீர் இறங்க இறங்க, ஊற்றுக் கசியும் கல்லில் பொடி நாற்றுப் பாவியதுபோல் அடர்ந்த பாசி வெயிலுக்கு வருகிறது, நுனிக்கு நுனி ஒரு துளியோடு. கிணற்றுப் படியில் நிற்கும் அவள் தம்பி மொக்கையன் கத்துகிறான். “அக்கா, இங்க பாரு! விரல் விரலா வழிச்சிருக்கான். வழுக்கி விழுந்தவன் ஏறத்தான் பாத்திருக்கான். இந்தப் பாசிக்கு வேரா இருக்கு, பிடிச்சா நிக்க?” பின்னால் பேச்சு நின்றுபோகிறது. மாயக்காள் எட்டிப் பார்க்கிறாள். பாசி பெயர்ந்த இடத்தில் கல் நாலு கோடாக வெளுத்துத் தெரிகிறது. “ஏறத்தான் பாத்தியாய்யா” என்கிறாள், சத்தமே இல்லாமல். கோடுகளுக்கு இருபுறமும் பாசி எப்போதும்போல் பச்சையாகவே இருக்கிறது.