இடது பக்கக் கதவு

“வாங்க அம்மிணி, வாங்க தம்பி. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?”

கந்தவேல் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட இடம்தான் அவருடைய பழைய கார் கடை. பதினெட்டு வருடமாக, ஜோடியாக வந்து வண்டி பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நுழையும்போதே யார் பேச்சு எடுபடும் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

இந்த ஜோடி பிடிபடவில்லை. ஒரே ஸ்கார்ப்பியோவில் வந்தார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு தூணுக்குப் போய்விட்டார்கள்.

கீர்த்தனாவுக்கு ஒரு சின்ன கார் வேண்டும். தினமும் காலையில் வெள்ளகோவிலிலிருந்து திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குத் துணி சோதிக்கும் வேலைக்குப் போய் வர. இது இன்றைக்கு நாலாவது கடை. முதல் மூன்றிலும் அவள் கை வைத்த வண்டியையெல்லாம் புருசன் அருண்குமார் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிட்டான். இங்கே வண்டி எடுக்காமல் நகரமாட்டேன் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. எடுக்கவிடமாட்டேன் என்று அவன் முகத்தில்.

“அண்ணா, அந்த நீல வண்டிக்குக் கிளட்ச் போயிருச்சுன்னு சொல்லுங்க.”

இரண்டடி தள்ளி நிற்கும் பெண்டாட்டிக்குத்தான் கந்தவேல் சொல்ல வேண்டுமாம்.

“அம்மிணி, கிளட்ச்சு வந்துங்க...”

“எனக்குக் காது நல்லாக் கேக்குதுங்ண்ணா. வெள்ளை வண்டியக் காட்டுங்க.”

“வெள்ளைக்கு டயர் மொட்டைங்ண்ணா. அவுங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? பனியன்ல ஓட்டை பாக்கத்தான் தெரியும்.”

“ஓட்டையே இல்லாத எடத்துலயும் ஓட்டை கண்டுபுடிக்கற ஆளுக்கு வாக்கப்பட்டு எட்டு வருசம் ஆச்சுங்ண்ணா. டயர் பாக்கத் தெரியாதுங்களா?”

பக்கத்துப் பட்டறையில் அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தவன்கூட ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

கந்தவேல் சமாதானம் பேசப் போனார். அது அவர் செய்த தப்பு.

“ஏனுங் தம்பி, அம்மிணி பாவம், பஸ்ஸுல எத்தன நாளைக்கு அலையறது?”

“அவ எங்க பஸ்ஸுல...” என்று ஆரம்பித்த அருண்குமார் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

கீர்த்தனா முதன்முறையாக அவன் பக்கம் திரும்பினாள். ஆனால் பேசியது கந்தவேலிடம்தான்.

“சொல்லச் சொல்லுங்க. நான் எதுக்குத் தனியாக் காரு வாங்கறேன்னு அவரையே உங்ககிட்டச் சொல்லச் சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லிட்டாருன்னா, வண்டியே வேண்டாம்னு இப்பவே போயர்றேன்.”

அவன் வெள்ளை வண்டியின் மொட்டை டயரை ஓர் உதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனான்.

கடைசியாக மிச்சம் இருந்தது சிவப்பு வண்டி.

“வெயிலுக்குக் கொண்டாங்கண்ணா.”

நிழலில் நிறம் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. வெளியே கொண்டுவந்து நிறுத்தியதும் துணி ரோலைத் தடவுவதுபோல உள்ளங்கையை வைத்தபடி வண்டியைச் சுற்றி வந்தாள். இடது பக்கம் முன் கதவில் கை நின்றது.

“இந்தக் கதவு மட்டும் வேற சாயங்ண்ணா.”

பெயிண்ட் அடித்தவனே எந்தக் கதவு என்று தேடுவான், அப்படி ஒரு வேலை. இவள் ஒரு சுற்றில் பிடித்துவிட்டாள்.

“காங்கேயம் ரோட்டுல ஒருக்கா இடிச்சிருச்சுங்க. கதவு மாத்துனது. வெளிய இருந்து தொறக்க வராது, உள்ள இருந்து தள்ளுனாத்தான் வரும். பூட்டு புதுசாப் போட்டுக் குடுத்தர்றேனுங்.”

அருண்குமார் சிரித்தான். வந்ததிலிருந்து அதுதான் அவன் முதல் சிரிப்பு.

“அடிபட்ட வண்டி. அவ்வளவுதான், முடிஞ்சுது. கெளம்பலாம்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டு ஸ்கார்ப்பியோவின் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மரியாதைக்குத் திறந்த கதவு இல்லை அது. ஏறு என்பதற்கு.

கீர்த்தனா அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு சிவப்பு வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“டிரைவர் பக்கம் அடி இருக்குதுங்களா?”

“ஒரு கீறல்கூட இல்லீங் அம்மிணி.”

“அப்பப் பூட்டு மாத்த வேண்டாங்ண்ணா. அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும்.”

வண்டி விற்றால் புருசன் பெண்டாட்டி இருவரையும் முன் சீட்டில் உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றச் சொல்வது கந்தவேலின் கடை வழக்கம். நான்கு பழம் எடுத்துவைத்திருந்தார். அவள் ஒருத்தியாகவே நான்கையும் நசுக்கிவிட்டு நிறுத்தினாள்.

அவர் பேப்பரை நீட்டினார். “வேலை செய்யற எடத்து விலாசம் ஒண்ணு வேணுங்களே.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

கந்தவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கிட்டுசாமி நிட்ஸ். தலையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்கார்ப்பியோவின் பின் கண்ணாடியில் அதே பெயர் முழ நீளத்துக்கு ஒட்டியிருந்தது.

“அம்மிணி, காலையில எத்தன மணிக்குங்க அங்க இருக்கோணும்?”

“ஒம்பதுக்குங்க.”

“தம்பி?”

“அவரும் ஒம்பதுக்குத்தானுங்க.”

அருண்குமார் திறந்த கதவை அறைந்து சாத்தினான்.

ரோட்டு முனையில் சிவப்பு வண்டியும் அதன் பின்னால் ஸ்கார்ப்பியோவும் நின்றன. இரண்டிலும் ஒரே பக்கத்து இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருந்தது.