மலைக்கு அந்தப் பக்கத்து ஆள்

செட்டின் பொய்க்கதவில் இருந்த ஓட்டை வழியே பார்வையாளர் பக்கம் எட்டிப் பார்த்த எம்லின், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

மூன்றாவது வரிசையில் அப்பா.

அப்பா மட்டுமா? பக்கத்தில் போதகர். அந்தப் பக்கம் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் மிசஸ் பெய்னன். பின்னால் பாடகர் குழு மொத்தமும். வேல்ஸிலிருந்து பஸ் பிடித்து லண்டனைச் சுற்றிப் பார்க்க வந்த சபையார், சொல்லாமல் கொள்ளாமல் டெலிவிஷன் நிலையத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நம்ம பையன் நடிக்கிறான் என்றால் சும்மா விடுவார்களா?

அப்பா தொப்பியைக் கழற்றினார். முழங்கையால் ஒரு துடை துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐயோ என்றிருந்தது எம்லினுக்கு. இன்னும் கொஞ்ச நேரத்தில், எல்லார் முன்னாலும், அவனும் அதே மாதிரி தொப்பியைத் துடைக்க வேண்டும்.

எல்லாம் அந்த டைரக்டரால் வந்த வினை. ஒத்திகையின் முதல் நாளே உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் பண்றீங்க. ஆனா வேல்ஸ்காரன் மாதிரியே இல்லையே!"

எம்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் பிறந்தது நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிர்வீட்டில். இங்கிலீஷே பள்ளிக்கூடத்தில் போய்க் கற்றுக்கொண்டதுதான். டைரக்டரோ வேல்ஸ் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அவர் கேட்டது டெலிவிஷன் சிரிப்பு நாடகங்களில் ஊரே பார்த்துப் பழகிய வேல்ஸ்காரனை. அவன் ராகம் போட்டுப் பேசுவான். ஆட்டுக்கறி என்றால் சப்புக்கொட்டுவான். திருட்டுத்தனம் பண்ணிவிட்டுக் கோயில் ஞானப்பாட்டு பாடுவான்.

கைக்கு வந்த வேடம் போய்விடும் போலிருந்தது. வேறு வழி தெரியாமல் அப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டான். தொப்பியைத் துடைப்பது. கேள்வி கேட்டால் கடவுளிடம் யோசனை கேட்பதுபோலக் கூரையைப் பார்ப்பது. சுரங்கம் சரிந்ததில் நசுங்கிய காலை இழுத்து இழுத்து நடப்பது. அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த நொண்டலை அச்சு அசலாகப் பழகினான். டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுதான்யா வேல்ஸ்!"

அப்பா டெலிவிஷனை வீட்டுக்குள் விடாதவர். எங்கே பார்க்கப்போகிறார் என்று இருந்துவிட்டான், பாவி.

சிவப்பு விளக்கு எரிந்தது.

எம்லின் நொண்டிக்கொண்டு உள்ளே போனான். விடுதிக்காரியாக நடித்தவள் இடுப்பில் கைவைத்து, சட்டியிலிருந்த ஆட்டுக்கறி எங்கே என்றாள். அவன் தொப்பியைத் துடைத்தான். கூரையைப் பார்த்தான். ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்தான்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அத்தனை சிரிப்புக்கும் மேலே ஒரு கரகரத்த சிரிப்பு, இருமலோடு சேர்ந்து வந்தது. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா? அப்பா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வசனத்தை எம்லின் எப்படியோ ஒப்பித்தான். என்ன கூத்து இது? தன் நொண்டலே தனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா ஒரு மனுஷனுக்கு?

படப்பிடிப்பு முடிந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போனான். சபையார் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்படியே உரிச்சு வெச்சுட்டியேடா! அந்த நடையப் பாத்ததும் எனக்கு நம்ம விளக்கு..." என்று ஆரம்பித்த மிசஸ் பெய்னன் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் பெயர் ஹேடன். ஊரில் அந்தப் பெயரில் பல பேர். அடிபட்ட பிறகு சுரங்கத்து விளக்குகளைத் துடைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனதால் அப்பா 'விளக்கு' ஹேடன். எல்லார் கண்ணும் மெதுவாக அவர் கால் பக்கம் போயிற்று.

அப்பாதான் முந்திக்கொண்டார். "அட, இவன் நடிச்சுக் காட்டுனது மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களத்தான்! சந்தேகமா? கறித் திருட்டுப் பசங்க. பாட்டுலயும் சுதி சேராது!"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. அந்தப் பக்கத்து ஆட்கள் என்றாலே இந்தப் பக்கத்தில் ஆகாது. போன பாட்டுப் போட்டியில் பரிசைத் தட்டிக்கொண்டு போனவர்கள் வேறு. போதகரே வாய்விட்டுச் சிரித்தார். மலைக்கு அந்தப் பக்கமும் வேல்ஸ்தான் என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

எம்லினுக்குத் தலை சுற்றியது. தப்பித்தோம் என்று சந்தோஷப்படுவதா, அப்பாவைப் பற்றி அப்பாவுக்கே தெரியவில்லையே என்று அழுவதா? இரண்டும் சேர்ந்து வந்தது.

எல்லாரும் ஏறிய பிறகு அப்பா கடைசியாகப் படிக்கட்டுக்கு வந்தார். எம்லின் கைகொடுத்தான். அவர் தொப்பியை முழங்கையால் துடைத்து மாட்டிக்கொண்டார். அங்கே கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தார். அப்புறம் அவன் காதருகே குனிந்தார்.

"எனக்கு வலது கால்டா. நீ இடத இழுக்கற."

சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துப் படியேறிவிட்டார்.

பஸ்ஸுக்குள் பேச்சு மறுபடியும் அவன் நடையைப் பற்றித்தான். இருக்கைகளுக்கு நடுவில் அப்பா நின்றார். அந்தப் பக்கத்து ஆள் எப்படி நடப்பான் தெரியுமா என்று கேட்டுவிட்டு, நசுங்கிய வலது காலில் முழுப் பாரத்தையும் ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து பஸ்ஸின் கடைசிவரை நடந்து காட்டினார்.

பஸ்ஸே சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே எம்லின் நின்றுகொண்டிருந்தான்.