மகிழினியின் கை

கம்பெனி விற்ற திரவ ஈஸ்ட், ஒரு வாளி பீரைப் புளிக்கவைத்ததும் தானாகவே செத்துவிடும். அடுத்த வாளிக்குப் புதுப் பைதான். கை படக்கூடாது என்று பையிலேயே எச்சரித்திருந்தார்கள். வீட்டிலேயே பீர் போட்ட மகிழினியோ இட்லி மாவு கரைக்கிற பழக்கத்தில் கையை மணிக்கட்டு வரை விட்டுக் கலக்கிவிட்டாள். “எல்லாம் போச்சு!” என்று கணவன் இளங்கதிர் தலையில் அடித்துக்கொண்டான்.

பத்தாம் நாள் பீரை வடித்தாள். அடியில் கிடந்த வண்டலைக் கொட்ட மனசில்லாமல் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவைத்தாள். சாயங்காலம் நுரை பொங்கி மூடியையே தள்ளியது.

“கதிரு, ஓடி வா! இது சாகலை!”

அவன் முகர்ந்து பார்த்தான். “இது கம்பெனி ஈஸ்ட் இல்ல மகிழு, உன் கையிலேர்ந்து வந்தது!”

அவள் போட்ட கூச்சலில் விஷயம் தெரிந்து, வாளிக்கு வாளி அதே பையை வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு வான்மதி டம்ளரோடு ஓடிவந்தாள். “உறைக்குக் கொஞ்சம் ஊத்துடி!”