கறுப்புக் கரை கட்டிய விளம்பரம்

கடைக்குள் நிற்க இடமில்லை. சூரிச்சின் லாங்ஸ்ட்ராசத் தெருவில் அந்தச் சின்னத் தமிழ்க்கடையைத் திறந்த நாளிலிருந்து இப்படியொரு கூட்டத்தை ஞானேஸ்வரி கண்டதில்லை. வெளியே கணுக்கால் புதையப் பனி. அதற்குள்ளும் ஊஸ்டரிலிருந்தும் அட்லிஸ்வில்லிலிருந்தும் ரயிலேறி வந்த சனம் கனத்த கோட்டுகளோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

எல்லாம் பத்திரிகை விளம்பரம் செய்த வேலை. எதிர்ப்பக்கத்துக் கடைக்கார ஜெகதீஸ்வரன் சினிமாப்பட வீடியோக் கொப்பியோடு அரிசியையும் மலிவாக விற்கத் தொடங்கியதிலிருந்து நேற்றுவரை இங்கே ஒரு மூட்டையும் அசையவில்லை.

"இந்த மாசமும் சனம் வராட்டி கடையைப் பூட்டுவம். நான் பழையபடி கோப்பை கழுவப் போறன், நீ கக்கூஸ் கழுவப் போ," என்று புருஷன் பத்மநாதன் சொல்லியிருந்தார். ஹோட்டல் குசினிச் சுடுதண்ணியில் வெந்த கை அவருடையது. கந்தோர்களின் நிலம் துடைத்தே அவளுடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. திரும்ப அங்கே போக அவள் தயாரில்லை.

பத்மநாதனின் பாட்டனார் யாழ்ப்பாணப் பட்டினத்தில் குடையும் சவர்க்காரமும் விற்றவர். அந்தக் காலத்துப் பத்திரிகையில் அவர் போட்ட விளம்பரம் ஒன்று வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சந்தனப் பொட்டோடு சிரிக்காத முகம். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை. கீழே எறும்பு ஊர்ந்ததுபோலக் குட்டி எழுத்தில், சாமான்களின் பெருமை.

"உந்த விளம்பரத்தாலதான் பாட்டன் கல்வீடு கட்டினவர்," என்று சொல்லி, பத்மநாதன் தானும் அதேமாதிரிப் படமெடுத்து, அதே கரையைக் கட்டி, சூரிச்சில் வரும் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்.

"படத்தில கொஞ்சம் சிரிச்சால் என்ன, முத்தே கொட்டிப்போடும்?"

"வியாபாரி பல்லைக் காட்டினால் சனம் கடன் கேக்குமடி."

அந்த மனுசன் சொன்னது சரிதான் போலக் கிடக்கிறது. இன்றைக்கு விடியவே மரக்கறி எடுக்கக் குளோட்டன் விமான நிலையத்துக்குப் போய்விட்டார். பத்திரிகை கடைக்கு வந்து சேருமுன்னே சனம் வந்து சேர்ந்துவிட்டது.

அதுவும் பண்பான சனம். ஒருவரும் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. கறிவேப்பிலை சும்மா கேட்கவில்லை. மிச்சக் காசை நீட்டினால், "வைச்சிருங்கோ" என்றார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததை மட்டும் எவரும் தொடவில்லை. போகும்போதும் ஒருவராவது "போட்டு வாறம்" என்று சொல்ல வேண்டுமே. தலையை ஆட்டிவிட்டு நழுவினார்கள். இந்த நாட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போகிற பழக்கத்தையும் மறந்துவிட்டார்கள் என்று ஞானேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

"இந்த நிலமையிலயும் கடையைத் திறந்து வைச்சிருக்கிறா, பாரன்," என்று ஒரு மனுசி பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுத்தாள்.

பனியைத்தான் சொல்கிறாள். "உதுக்குப் பயந்து பூட்டிப்போட்டு இருந்தால் சீவிக்கேலுமோ அக்கா?" என்றாள் ஞானேஸ்வரி.

அந்த மனுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு மூட்டை அரிசிக்குச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடை ஜெகதீஸ்வரனே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

"அக்கா, அண்ணையோட வீம்புக்குத்தான் நான் விலையைக் குறைச்சனான். இனி என்ரை கடையில அரிசி இல்லை. வீடியோ மட்டும்தான்."

ஒரு விளம்பரத்துக்கே இவன் இப்படி விழுந்துவிட்டானே என்று ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கியதில் உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்த ஜெகதீஸ்வரன் இரண்டு மூட்டைக்குக் காசைக் கொடுத்துத் தானே தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் போன கையோடு, முந்தி அவளோடு கிளீனிங் வேலை செய்த ஊஸ்டர் புனிதவதி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

"அண்ணைக்கு என்னடி நடந்தது?"

"அவருக்கென்ன? குளோட்டனுக்குப் போனவர். மத்தியானம் வந்திடுவார்."

புனிதவதி மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "அறிவு தடுமாறிப் போச்சு இவளுக்கு," என்று விம்மினாள். கடைக்குள் நின்ற பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள்.

"ஏனடி எல்லாரும் அழுறியள்?"

புனிதவதி கைப்பைக்குள் இருந்த பத்திரிகையை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

மரண அறிவித்தல் பக்கம். மேலே கரவெட்டிக் கிழவர் ஒருவர். கீழே ஓர் ஆச்சியின் முதலாம் ஆண்டு நினைவு. இரண்டுக்கும் நடுவில், தடித்த கறுப்புக் கரைக்குள், சந்தனப் பொட்டோடு, சிரிக்காமல் பத்மநாதன். படத்தைப் பார்த்த சனம் எறும்பு எழுத்தை எங்கே வாசித்தது?

ஞானேஸ்வரி தாலியை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலைக்குப் பின்னால் பின்கதவு கிறீச்சிட்டது. "கொஞ்சம் நில்லடி," என்று புனிதவதியிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

முருங்கைக்காய்ப் பெட்டியோடு பத்மநாதன் மூச்சு வாங்க நின்றார்.

"முன்னுக்கு ஒரே சனமாய்க் கிடக்கு. நான் சொன்னன் பாத்தியே? வழிவிடு, போய் நாலு வார்த்தை கதைச்சிட்டு வாறன்."

ஞானேஸ்வரி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அரிசி அடுக்கியிருந்த சுவர், கடை திறந்தபிறகு முதல்தடவையாக, வெறும் சுவராகத் தெரிந்தது. மூலையில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

அவர் நெஞ்சில் கையை வைத்துக் குளிரறைக்குள் தள்ளினாள்.

"சத்தம் போடாமல் இருங்கோ, இன்னும் நாலு மூட்டை கிடக்கு."