அடியில் நெருப்பு

"கீழ நெருப்புதான்னு ரிசல்ட் வந்துச்சுன்னா, புள்ளைய தூக்கிக்கிட்டு திண்டிவனம் அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் ரேணுகா.

சுனாமிக்குப் பிறகு அவர்களுடைய மரக்காணம் உப்பளத்துக் குட்டை, மேலே சில்லென்றும் அடியில் கை வைக்க முடியாத சூடாகவும் இருந்தது. எரிமலை என்று ஊரே நடுங்கியது. புருஷன் தெய்வசிகாமணி யாரையும் கிட்டே விடாமல் காவல் இருந்தான்.

குட்டையோரத்து போர்வெல்லில் வந்த வாயுவைச் சோதித்த ஆய்வாளர் செந்தமிழ் ஜீப்பில் வந்து இறங்கினாள்.

"எரிமலைச் சூடு இருந்தா ஹீலியத்துல ஒரு வகை அதிகமா வரும். இங்க வந்தது பழைய பாறையோட ஹீலியம். கீழ நெருப்பு இல்லைங்க."

"அப்போ சூடு?" என்றாள் ரேணுகா.

"வெயில்தான். அலை கொண்டாந்த லேசான கடல்தண்ணி, உப்பளத்துக் கெட்டி உப்புத்தண்ணி மேல மூடியாட்டம் நிக்குது. உள்ள போன சூடு வெளிய வரலை. கலக்கியிருந்தா அன்னிக்கே ஆறியிருக்கும். ஏன் கலக்கலை?"

"சூடா இருக்குதேன்னு பயந்துதாங்க" என்றான் தெய்வசிகாமணி. "நான்தான் யாரையும் கலக்க விடலை."

ரேணுகா அவனையே பார்த்தாள். "தள்ளு, நான் கலக்குறேன்."

"வேணாம் ரேணு, சுடும்." கைகளை விரித்து வழியை மறித்தான்.

ரேணுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தமிழிடம் திரும்பினாள். "மேடம், உங்க ஜீப்பு திண்டிவனம் வழியாத்தானே போகுது?"